திரையைப் பார், முகத்தைப் பார்க்காதே

நல்ல கடல்பாசி வேண்டுமென்றால் பேகம்பூருக்குத்தான் போக வேண்டும். மற்ற கடைகளில் நோன்பு மாதத்தில் மட்டும் கொண்டுவந்து வைப்பார்கள். நைனா முகமது பாய் கடையில் வருஷம் முழுக்கக் கிடைக்கும். நான் மாதம் இரண்டு தடவை வாங்குவதைப் பார்த்து, "என்னம்மா, உங்க வீட்ல தெனமும் நோன்பு தொறக்குறீங்களா" என்று கேட்பார். இதை வைத்து மனிதக் கை செய்கிறேன் என்று ஒரு நாள் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்டதில்லை.

நீதிபதி ஐயா, நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம், யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நேற்று சொன்னீர்கள். எடுத்துக்கொண்டேன். போலீஸில் யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். எழுதுகிறவருக்கு வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் பெயர் ஆனந்தமேரி. வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருஷமாக நர்ஸ். கடைசி ஐந்து வருஷமாக, திண்டுக்கல் பைபாஸில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் புது நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் பள்ளிக்கூட ஆசிரியர். இதில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் சுகன்யா என்று ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். இருபத்து மூன்று வயது. பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடம்பில் ரத்தம் குறைந்தால் கையில் இருக்கிற ரத்தக் குழாய்களெல்லாம் காற்றுப் போன சைக்கிள் ட்யூப் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தடவினால் தட்டுப்படாது. நான் பதினோரு இடத்தில் குத்தினேன். ரத்தப் பை தலைக்கு மேலே தயாராகத் தொங்கியது. உடம்புக்குள் விட வழி கிடைக்கவில்லை. பன்னிரண்டாவது இடத்தை நான் தேடிக்கொண்டிருந்தபோது அவள் போய்விட்டாள். நாங்கள் பையைக் கழற்றித் திருப்பி அனுப்பினோம்.

இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

டாக்டர் பெலிக்ஸ் எங்கள் மருத்துவமனைக்கு மயக்க மருத்துவராக வந்தபோதுதான் இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கேன்தான். ப்ரோப் என்கிற சின்னக் கருவியைக் கை மேல் வைத்தால் உள்ளே இருக்கிற ரத்தக் குழாய் திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும். லேசாக அழுத்தினால் நசுங்குகிறதா, அதில்தான் ஊசி போட வேண்டும். நசுங்காமல் துடிக்கிறதா, அது வேறு, அதைத் தொடக்கூடாது. ஊசி உள்ளே போகும்போது அதன் நுனி ஒரு வெள்ளைப் புள்ளியாக வரும். அந்தப் புள்ளியைக் கறுப்பு வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அவரைவிட நான் நன்றாகப் போட்டேன். அவரே எல்லாரிடமும் அப்படிச் சொல்வார்.

பிறகு நான் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். பயிற்சிக்கென்று கடையில் விற்கிற ரப்பர் கை சீக்கிரம் ஓட்டையாகிவிடும். ஆகவே நானே செய்தேன். கடல்பாசியைக் காய்ச்சி, இசப்கோல் பொடி கலந்து, டப்பாவில் ஊற்றி, பாதி இறுகும்போது பிறந்தநாளுக்கு ஊதுகிற நீள பலூனில் சிவப்புத் தண்ணீர் நிரப்பி உள்ளே படுக்க வைப்பேன். திரையில் பார்த்தால் சதை மாதிரியே இருக்கும். "நம்ம வீட்டு ஃபிரிட்ஜில பாலுக்குப் பக்கத்துல நாலு கை இருக்கு" என்று கிறிஸ்துராஜ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் ஒன்றுதான். திரையைப் பார். கையைப் பார்க்காதே. முகத்தைப் பார்க்கவே பார்க்காதே. பழக்கமில்லாத நர்ஸ் ஊசியைக் குத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பாள். அவர் முகம் சுளித்தால் இவள் கை நடுங்கும், வெள்ளைப் புள்ளி தொலைந்துவிடும்.

பதினான்கு பெண்கள். கடல்பாசியில் பதினான்கு பேரும் முதல் குத்திலேயே போட்டார்கள். வார்டுக்குப் போனதும் பத்துப் பேருக்கு வரவில்லை. கடல்பாசி கையை இழுக்காது. பலூன் வழுக்கி ஓடாது. தோலுக்கு ஒரு இறுக்கம் இருக்கிறது, அதைக் கடல்பாசியில் கொண்டுவர முடியாது. கோழிக்கறியில் பலூனைச் சொருகிப் பார்த்தேன், அதுவும் சரிப்படவில்லை. கடல்பாசிக்கும் மனிதருக்கும் நடுவில் ஏதாவது ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

மலைச்சாமி அந்தச் சமயத்தில்தான் வந்தார்.

செம்பட்டிக்குத் தெற்கே கொஞ்சம் நிலம். செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் போட்டிருந்தார். வயது ஐம்பத்து நான்கு. பூப்பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அவர் மனைவி மூக்காயி தூக்கிக்கொண்டு வந்தாள். மூளையின் அடித்தண்டில் ரத்தம் கட்டியிருந்தது. தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்தோம். மூன்று வாரத்தில் மிஷின் இல்லாமல் தானாக மூச்சு விட்டார். ஆனால் கை, கால், வாய் எதுவும் அசையவில்லை. நினைவு இல்லை, திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் பெலிக்ஸ் கேஸ் ஷீட்டில் எழுதினார். எழுதிய நாளில் அது சரியாகத்தான் இருந்தது. டாக்டர் மேல் குற்றமில்லை.

அவர்களால் தொடர்ந்து வைத்திருக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். நான்தான் நிர்வாகத்திடம் பேசி, இரண்டாம் மாடியில் கடைசி அறையை, ஆறாம் நம்பர் அறையை, இலவசப் படுக்கையாக வாங்கிக் கொடுத்தேன். மூக்காயி என் காலில் விழப் போனாள். தூக்கிவிட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் இரக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா.

ஒரு நாள் அவருக்குப் போட்டிருந்த ஊசி வெளியே வந்துவிட்டது. மாற்ற வேண்டும். ஷைனி என்கிற பெண் பக்கத்தில் நின்றாள். வார்டில் மூன்று தடவை தோற்று அழுதவள். "நீ போடு" என்றேன். அவள் நிதானமாக ப்ரோப்பை வைத்து, நுனியைத் தேடி, நகர்த்தி, கொண்டுபோய் நிறுத்தினாள். மலைச்சாமி கையை இழுக்கவில்லை. ரத்தம் ஊசிக்குள் வந்ததும் ஷைனி முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு ஊசி வழி மருந்து தேவைப்படவில்லை. மூக்குக் குழாய் வழியாகவே எல்லாம் போனது. ஆனாலும் நாங்கள் காலை பத்து மணிக்கு ஆறாம் அறைக்குப் போனோம். கதவில் 'பயிற்சி நடக்கிறது' என்ற அட்டையை மாட்டுவேன். ஒரு நாளைக்கு நான்கு குத்துக்கு மேல் கூடாது என்று நானே ஒரு விதி வைத்தேன். ஒரே இடத்தில் மறு நாள் குத்தக்கூடாது. முடிந்ததும் கையைத் துடைத்து, பஞ்சு வைத்து, இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பெண்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று நினைத்தார்கள். டாக்டர், நாங்கள் கடல்பாசியில் பழகுகிறோம் என்று நினைத்தார்.

பலன் தெரிந்தது. ஐந்தாவது வாரத்தில் வேடசந்தூர் பக்கத்திலிருந்து வாந்தி பேதியோடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கண் செருகியிருந்தது. ஷைனி ஒரே குத்தில் போட்டாள். அந்தத் தாய் ஷைனியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்குச் சுகன்யா நினைவு வந்தது.

அதற்கு மூன்று நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் வருவதற்கு முன்னால் நான் தனியாக அவர் கையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஸ்கேனுக்குத் தடவுகிற ஜெல் சில்லென்று இருக்கும். அது தோலில் பட்டதும் அவர் கண்கள் மேலே போயின. துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். மறுபடி மேலே போயின. மூன்றாவது முறை நான் ஜெல் பாட்டிலைக் கையில் எடுத்ததுமே மேலே போயின.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "மலைச்சாமி அண்ணே, நான் பேசுறது கேக்குதா? கேட்டா மேல பாருங்க" என்றேன்.

மேலே பார்த்தார்.

"ஆமான்னா மேல பாருங்க. இல்லைன்னா கண்ணை இறுக்க மூடுங்க. உங்க பேரு சோலைமுத்துவா?"

கண்ணை இறுக்க மூடினார்.

"மலைச்சாமியா?"

மேலே பார்த்தார்.

"ஊசி போடுறது வலிக்குதா?"

மேலே பார்த்தார். கீழே இறக்கவே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குப் பெண்கள் கதவைத் தட்டினார்கள். நான்கு பேர். அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் பெண் கையுறை மாட்டிவிட்டாள். அன்றும் நான்கு குத்துதான். விதியை மீறவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சொன்னால், ஐந்து வாரமாக என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினான்கு பெண்களின் பெயரும் வரும். எல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயசு. வாரம் முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளினேன். வாரம் முடிந்தபோது சொல்ல வேண்டியது இன்னும் கூடியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது. நீங்கள் இதை நம்புவது கஷ்டம். ஆனால் அந்த அறையில் அசைய முடியாமல் கிடந்தது அவர் ஒருவர் மட்டுமல்ல.

ஒரு மாற்றம் செய்தேன். அன்றிலிருந்து உள்ளே போனதும் அவருக்கு வணக்கம் சொன்னேன். இன்றைக்கு யார் போடப் போகிறார்கள், எந்தக் கை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். திடீரென்று குத்துவதைவிட அது நல்லது.

மூக்காயி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருவாள். விடிந்ததும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கிவிட்டு நேரே இங்கே வந்துவிடுவாள். அவர் காதோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். மோட்டார் ரிப்பேர், எந்த ஆடு சினை, யார் வீட்டில் என்ன விசேஷம். எனக்கும் கொஞ்சம் பூ கட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவுக கையெல்லாம் ஏன் தாயி இம்புட்டுக் கன்னிப்போயிருக்கு?"

"ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்லக்கா. அதான்."

"எடுங்க தாயி. நீங்க இல்லேன்னா இவுகளை யாரு பாப்பா." அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நான் பேசையில இவுக கண்ணு மேல மேல போகுது. என்னயத் தெரியுதோன்னு ஒரு நெனப்பு."

"அது தானா வர்றதுக்கா. மூளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வீணா மனசைப் போட்டு ஒழப்பிக்காதீக" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு வந்தால் அதிகம் பேச மாட்டாள். முகத்தைத் துடைத்துவிட்டு, எண்ணெய் தடவிவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பாள். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டிருந்தவளுக்கும் ஒரு ஓய்வு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மட்டும் அவள் எழுந்து போகிற வரை மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

பதினான்கு பேரில் கடைசி ஆள் தமிழ்மதி. பழனி பக்கம் தொப்பம்பட்டிக்காரி. விவசாயக் குடும்பம். மரியாதையான பெண், ஆனால் கை வரவில்லை. ஊசியைக் குத்தின மறு வினாடி தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்துவிடுவாள். எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு நாள் பாதியிலேயே ஊசியை வெளியே எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க மேம், இவரு அழுகுறாருங்க."

"கண்ணு காஞ்சா தண்ணி வடியும். சொட்டு மருந்து போடு."

"இல்லைங்க மேம். நான் குத்தறதுக்கு முன்னாலயே வருதுங்க. என்னையவே பாக்குறாருங்க."

"நீ ஏன் முகத்தைப் பாக்குற? திரையைப் பாரு."

அவள் திரையைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனாள். மறு நாளே அவளைப் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றினேன். அவளுக்கும் அது நல்லது என்றுதான் தோன்றியது. அவள் நேராக டாக்டர் பெலிக்ஸிடம் போய், ஆறாம் அறைக்காரருக்கு நினைவு இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். நான் தலைமாட்டில் நின்றேன். "ஐயா, கண்ணைத் தெறங்க" என்று டாக்டர் நாலைந்து தடவை கூப்பிட்டார். நாங்கள் அறையில் இருந்த வரைக்கும் மலைச்சாமி கண்ணைத் திறக்கவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்து டாக்டர் சொன்னார், "ஒண்ணும் பிடிபடல சிஸ்டர். எதுக்கும் மதுரைல இருந்து நியூரோ டாக்டரை வரச் சொல்றேன். வியாழக்கிழமை வந்துருவாரு. அவரு பாத்துட்டா அந்தப் பொண்ணுக்கும் சமாதானமாயிரும்."

"நல்லது டாக்டர்" என்றேன்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு அவர் வந்தார். மூக்காயிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மடிப்புக் கலையாத புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பிரபுவும் வந்திருந்தான். மதுரை டாக்டர் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். காதில் கத்தினார். மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்றார். நெஞ்சில் விரல் மூட்டால் அழுத்தினார். ஒன்றும் இல்லை.

"நான் ஒரு வாட்டி கூப்புட்டுப் பாக்கவா சாமி?" என்று மூக்காயி கேட்டாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் குனிந்து, "இந்தா பாருங்க, நான்தேன் வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை என்னயப் பாருங்க" என்றாள். தாடையைப் பிடித்து லேசாக ஆட்டினாள். பிறகு நிமிர்ந்து, "இன்னைக்கு ஏன் இப்படிக் கெடக்காக?" என்று என்னைக் கேட்டாள். அவள் கேட்டது என்னை மட்டும்தான்.

எந்தத் தூண்டுதலுக்கும் பதில் இல்லை, மாற்றம் எதிர்பார்க்க இயலாது என்று மதுரை டாக்டர் எழுதினார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது என்று பிரபுவிடம் சொன்னார். இவ்வளவு தூரம் போனதற்கு டாக்டர் பெலிக்ஸ் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். தமிழ்மதியை நிர்வாகம் கூப்பிட்டுக் கண்டித்தது. அவள் அன்றே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை மலைச்சாமியை ஆம்புலன்ஸில் வீட்டுக்கு அனுப்பினோம். வண்டி புறப்படுகிற வரை நான் கூடவே நின்று, தொண்டைத் துளையில் சளி சேராமல் எப்படி எடுப்பது என்று மூக்காயிக்கு இரண்டு தடவை செய்து காட்டினேன்.

இனி நான் சொல்வது நேரில் பார்த்ததல்ல. தமிழ்மதி கொடுத்த புகாரை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்திருக்கிறார். ஆமென்றால் மேலே பாருங்கள், இல்லையென்றால் மூடுங்கள் என்று அவளும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். வேறு எப்படிச் சொல்ல முடியும். மூக்காயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "அம்புட்டு நாளும் கேட்டுக்கிட்டா கெடந்தீக?" என்று கேட்டிருக்கிறாள். அவர் மேலே பார்த்திருக்கிறார்.

"இது டாக்டருக்குத் தெரியுங்களா?" என்று தமிழ்மதி கேட்டிருக்கிறாள். கண்ணை மூடியிருக்கிறார்.

"ஆனந்தமேரி மேமுக்குங்க?"

மேலே பார்த்திருக்கிறார்.

தமிழ்மதி அங்கேயே தங்கி நான்கு நாள் பார்த்துக்கொண்டாள். மூக்காயி பகலெல்லாம் அவரோடு பேசினாளாம். விட்டுப்போனதையெல்லாம் சொன்னாளாம். புதன்கிழமை மதியம் சளி அடைத்துக்கொண்டது. அங்கே மிஷின் கிடையாது. கையால் உறிஞ்சுகிற குழாய் போதவில்லை. வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோகிற வழியில் மூச்சு நின்றுவிட்டது. ஆறாம் அறையில் இருந்திருந்தால் அது இரண்டு நிமிஷ வேலை.

காரியம் முடிந்த மறு வாரம் மூக்காயி மருத்துவமனைக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று பெண்கள் பயந்தார்கள். அவள் என் மேஜைக்கு எதிரே நின்றாள். "நீங்க ஊசி போட்டதக் கூட விடுங்க தாயி. அவுகளுக்குக் கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பேசிக்கிட்டே இருந்திருப்பேனே" என்றாள்.

உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கி, குடிக்காமல், மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்பது வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு நான்கு. தெரிந்த பிறகு செய்தது நான்கு வாரம். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தமிழ்மதிக்குத் தெரிந்தவுடன் அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். கை வராது, மற்றபடி நல்ல நர்ஸ்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்கிறீர்கள். புகாரில் இல்லாதது ஒன்று இருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. நானாகச் சொல்லாவிட்டால் தெரியவும் வராது.

அந்த வியாழக்கிழமை, மதுரை டாக்டர் வருவதற்கு முன்னால், இன்றைக்குப் பயிற்சி இல்லை என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, பத்தேகாலுக்கு நான் ஆறாம் அறைக்குப் போனேன். தூக்க மருந்து இருக்கும் அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கும். ஒரு குப்பியை எடுத்துவிட்டு, கை தவறி உடைந்தது என்று பதிவேட்டில் எழுதினேன். மதியம் வரை ஆளை அசத்திப்போட எவ்வளவு வேண்டும், மூச்சு நிற்காமல் இருக்க எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையிலும் மேலாக இருந்த ரத்தக் குழாய்களெல்லாம் கெட்டுத் தடித்துப்போயிருந்தன. புஜத்தில் ஆழத்தில் ஒன்று மிச்சமிருந்தது. ஸ்கேன் வைத்துத் தேடி, அதில் வென்ஃப்ளான் ஊசியைப் போட்டு வழி செய்துகொண்டேன்.

மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் அவரிடம் சொன்னேன். நினைவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சொல்லாமல் அவருக்கு நான் எதுவும் செய்ததில்லை. "அண்ணே, இன்னைக்குப் பெரிய டாக்டர் வாராரு. செத்த நேரம் தூங்குங்க. அவரு போனதும் முழிச்சுக்கலாம். சரியா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணை இறுக்க மூடினார். திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி இறுக்க மூடினார். திறந்தார். மூன்றாவது தடவையும் மூடினார்.

அவருக்கே தூக்கம் வந்துகொண்டிருந்தது, ஐயா. நான் உதவி செய்தேன், அவ்வளவுதான்.